வெர்சிஸ் 650-க்குப் பின்னாடி புது அப்சோபர்: சுங்கை சிப்புட்ல செஞ்ச வேலை

தூரமா போற மோட்டார் சைக்கிளுக்குக் காசு போடணும்னா முதல்ல அப்சோபருக்கு, அதாவது பள்ளத்துல விழுற அடிய வாங்கிக்கிற ஸ்பிரிங் சாமானுக்குப் போடுங்க, எக்ஸாஸ்ட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பின்னாடி ஆள வச்சுக்கிட்டு மூணு பொட்டியும் மாட்டிக்கிட்டுப் போறவங்கன்னா இதுல ரெண்டாவது யோசனையே வேணாம். என்னோடது கவாசாகி வெர்சிஸ் 650. பின்னால எப்பவும் வீட்டுக்காரம்மா இருப்பாங்க, மேல டாப் பாக்ஸ், சைடுல ரெண்டு பொட்டி. பங்குனி உத்திரத்துக்கு மாரான் கோயிலுக்குப் போறது, லெங்கோங் வழியா கெரிக் ஏறி ஜெலி பக்கம் எறங்குறது, சிம்பாங் பூலாய் வழியா கேமரன் போறதுன்னு இதுதான் எங்க ஓட்டம்.

மோட்டார் நல்ல மோட்டார் லா, 21 லிட்டர் டேங்க், உக்கார்ற இடமும் சொகம். ஆனா எந்த மோட்டாரா இருந்தாலும் ஃபேக்டரில போடுற ஸ்பிரிங்கு பெரும்பாலும் சாதாரண எடை உள்ள ஒரு ஆள் ஓட்டுறத மனசுல வச்சுத்தான் வருது, ரெண்டு ஆளும் சாமானும் ஏறுனா பின்பக்கம் அப்படியே உக்காந்துரும். பின்பக்கம் உக்காந்தா இடுப்பு வலி மட்டும் இல்ல, ராத்திரில லைட்டு மேல தூக்கி அடிக்குது, எதுர்ல வர்ற காரெல்லாம் ஹைபீம் போட்டுக் காட்டுறாங்க, ஹேண்டில் லேசாகி வளைவுல மோட்டார் வெளிய வெளிய போகப் பாக்குது. நம்ம பக்கத்து ரோட சொல்லவே வேணாம், செம்பனைக் குலை ஏத்துன லோரி ஓடி ஓடி ஓரமெல்லாம் பள்ளம் விழுந்து ஒட்டு மேல ஒட்டா கெடக்கு.

வேலை செஞ்சது சுங்கை சிப்புட் டவுன்ல இருக்குற ஒரு சின்ன கடைல. பேரு போடல, அங்க ஒரே ஒரு ஃபோமன்தான் (மெக்கானிக்), கூட்டம் சேந்தா வேலை கெட்டுரும்னு அவரே கேட்டுக்கிட்டாரு. நான் போயி "தம்பி, நல்ல அப்சோபரா ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டதுக்கு அவரு பிராண்டே பேசல. "அண்ணே, அண்ணியயும் கூட்டிட்டு வாங்க, பொட்டில எப்பவும் என்ன வைப்பீங்களோ அத வச்சே கொண்டு வாங்க, அளந்துட்டுப் பேசுவோம்"ன்னாரு. எனக்கு அந்தக் கடை மேல நம்பிக்கை வந்தது அங்கதான்.

அவரு அளந்தத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா காசு போடப்போற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது இது. முதல்ல பின்சக்கரம் தரைய விட்டுத் தூக்கி இருக்கும்போது ஆக்சில்லேர்ந்து நேர் மேல வால் பக்கம் ஒரு புள்ளி வரைக்கும் டேப் புடிச்சு அளந்தாரு. அப்புறம் மோட்டார எறக்கி அதோட சொந்த எடைல நிக்கும்போது ஒரு அளவு, அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஹெல்மெட்டு ஜாக்கெட்டோட ஏறி உக்காந்து ஒரு அளவு. எவ்வளவு எறங்குதுங்கறதுதான் சேக். ரோட்ல ஓட்டுற மோட்டாருக்கு ஆள் ஏறுன சேக் பின்னாடி 30-லேர்ந்து 40 மில்லிமீட்டர், வெறும் மோட்டார் சேக் 5-லேர்ந்து 15 வரைக்கும் இருந்தா சரி. வெர்சிஸுக்குப் பின்னாடி மொத்த டிராவலே, அதாவது பின்சக்கரம் மேல கீழ போற தூரமே 145 மில்லிமீட்டர்தான், அதுல பாதிய நாம உக்காந்தே தின்னுட்டோம்னா பள்ளத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

எல்லாரும் சொல்ற வழி பிரீலோட் குமிழ, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கிற குமிழத் திருகுறது, வெர்சிஸ்ல அது சைடுலயே கைக்கு எட்டுற மாதிரி இருக்கு. அது மோட்டாரோட வால மேல தூக்கிக் கொடுக்கும், உண்மைதான், ஆனா ஸ்பிரிங்க அது கெட்டி ஆக்காது. அவரு குமிழ முழுக்கத் திருகி ஆள் ஏறுன சேக்க சரியான எடத்துக்குக் கொண்டு வந்து காட்டுனாரு, ஆனா நாங்க எறங்குன ஒடனே வெறும் மோட்டார் சேக் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாம போச்சு. அப்படி ஆனா நம்ம எடைக்கு ஸ்பிரிங் பத்தலன்னு அர்த்தம், ஸ்பிரிங்கத்தான் மாத்தணும், எவ்வளவு திருகுனாலும் தீராது. டேப்ப வச்சே இத கண்ணால பாக்க வச்சாரு பாருங்க, இத எங்கயும் இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல.

அப்சோபர் பிராண்டுன்னு பாத்தா சுவீடன் ஓலின்ஸ், ஹாலந்து ஹைப்பர்புரோ, தாய்லாந்து ஒய்எஸ்எஸ் மூணும் பேச்சுல வந்துச்சு. நான் எடுத்தது ஒய்எஸ்எஸ், எங்க ரெண்டு பேரு எடை, பொட்டி எடை எல்லாம் சொல்லி அதுக்கேத்த கெட்டில ஸ்பிரிங் போட்டு வரவச்சது. உள்ள ஆயிலும் நைட்ரஜன் கேஸும் தனித்தனியா பிரிஞ்சு இருக்குற வகை. ரெண்டும் ஒரே எடத்துல கலந்து இருக்குற வகையும் உண்டு, வெல கம்மி, ஆனா மோசமான ரோட்ல ரொம்ப நேரம் விடாம ஓடுனா சூட்டுல ஆயில் நுரைச்சு டேம்பிங், அதாவது ஆட்டத்த அடக்குற வேலை தளந்துரும், நம்ம வெயிலுக்கும் நம்ம ஊரு ரோட்டுக்கும் பிரிஞ்சதுதான் நல்லது.

முன்சக்கரத்தப் புடிச்சிருக்குற ஃபோர்க்க மாத்தல, ஆயில் மட்டும் மாத்துனாரு. இந்த மோட்டார்ல பிரீலோட் ஃபோர்க்கோட இடது கால்ல, ரீபவுண்ட் (அமுங்குன ஸ்பிரிங் எவ்வளவு வேகமா திரும்ப எழும்பணும்ங்கற செட்டிங்) வலது கால்ல, அது தெரியாத ஆளு கைல கொடுக்காதீங்க. ஆயில் பாட்டில்ல 10ன்னு போட்டிருந்தா எல்லா பிராண்டும் ஒண்ணு இல்ல, 40 டிகிரில எவ்வளவு பிசுக்குன்னு போட்டிருக்குற நம்பரப் பாத்துத்தான் எடுக்கணும்னு சொல்லி அவரு பாட்டிலத் திருப்பிக் காட்டுனாரு. பின்பக்க உயரம் மாறுனதால செயினையும் தளர்வு பாத்து வச்சாரு, லைட்டையும் சரி பண்ணி விட்டாரு, நான் கேக்காமயே.

ஓட்டிப் பாத்ததுல கெரிக்-ஜெலி ரோட்லதான் வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது. அந்த ரோடு அலை அலையா ஏறி எறங்கும், முன்னாடியெல்லாம் ஒரு அலைல தூக்கிப் போட்டா அடுத்த அலை வரைக்கும் ஆடிக்கிட்டே போவும், இப்ப ஒரு தடவ எறங்கி ஒரு தடவ ஏறி அதோட நிக்குது. யானை கடக்குற பலகை இருக்குற எடத்துல திடீர்னு பிரேக் புடிக்கவேண்டி வந்தாலும் வால் நேரா இருக்கு. வீட்டுக்காரம்மா பண்டிங் பாலத்துக்கிட்ட எறங்கி நின்னு "இன்னும் கொஞ்சம் போலாமே"ன்னாங்க, அந்த ஒரு வார்த்தைக்கே நான் போட்ட காசு தகும். கேமரன் வளைவுல மோட்டார் சொன்ன கோட்ல போவுது, நெஞ்ச நிமித்தி ஓட்ட முடியுது.

கொறைன்னு சொல்லணும்னா, தனியா பொட்டி இல்லாம வேலைக்குப் போறப்ப பின்னாடி கெட்டியாத்தான் இருக்கு. பிரீலோட எறக்கி ரீபவுண்ட ரெண்டு கிளிக் தளத்துனா பரவால்ல, ஆனா பஞ்சு மாதிரி இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, ரெண்டு பேரு எடைக்கு வாங்குனது அப்படித்தான் இருக்கும். கடைலயும் வேலை மெதுவு, ஸ்பிரிங் வர்றதுக்கு வாரக்கணக்குல காத்திருக்கணும், அவரு வேலைல இருந்தா ஃபோன் எடுக்க மாட்டாரு. மொத்தச் செலவு ரெண்டாயிரம் வெள்ளியத் தாண்டுச்சு, சின்னக் காசு இல்ல, எனக்கு அது ஒரு போனஸ் காசு முழுசா. தனியாவே ஓட்டுறவங்க, ஒல்லியான ஆளுங்க, சும்மா சேக் அளந்து ஆயில் மட்டும் மாத்திட்டு வந்தாலே போதும், அதுக்கு அவரு வாங்குற கூலி ரொம்பக் கம்மி, புது அப்சோபர் வாங்குன்னு தள்ளவும் மாட்டாரு.

எந்த ஊரு கடையா இருந்தாலும் நீங்க போறப்ப பின்னாடி உக்கார்றவங்களயும் கூட்டிட்டுப் போங்க, பொட்டிய காலியா கொண்டு போகாதீங்க. டேப்பே எடுக்காம வெலைய முதல்ல சொல்ற கடைன்னா அடுத்த கடையப் பாருங்க. வாங்குன பின்னாடி கொஞ்ச நாள் ஓட்டிட்டு சேக்க திரும்பவும் அளக்கச் சொல்லுங்க, புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும், எனக்கு அதுக்கு அவரு காசு வாங்கல.