பதிவு செய்தது ஒரு விடுதி, ஏற்றிவிட்டது வேறு விடுதி: சின்னக் குழந்தையோடு மலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

மலையில் விடுதி பதிவு செய்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள், கூடவே நடை பழகும் வயதில் ஒரு குழந்தையும் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடைசி நேரத்தில் தங்குமிடத்தை மாற்றிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிற ஏமாற்றுதான். சமவெளியில் அது பணத்தோடும் எரிச்சலோடும் முடிந்துவிடும். மலையில் இடம் மாறினால் உயரமும் மாறுகிறது, அதனால் உடம்புக்கு முடியாமல் போனால் சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

நாங்கள் பதிவு செய்தது சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், ஊருக்குள்ளேயே இருந்த விடுதி. மகளுக்கு ஒன்றரை வயது என்பதால்தான் அந்த உயரத்தைத் தேடித் தேர்ந்தெடுத்தோம். 'குழந்தைகளோடு தங்க ஏற்றது' என்று விளம்பரத்தில் இருந்தது. அதோடு விடாமல் குறுஞ்செய்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டோம். குழந்தைக் கட்டில் உண்டா? உண்டு. அறையில் மின் ஹீட்டர்? உண்டு. அழைத்துப்போக வரும் காரில் குழந்தை இருக்கை? வைத்தே அனுப்புகிறோம். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் முழுப் பணத்தையும் கட்டினோம்.

கார் வந்தது, இருக்கை வரவில்லை. மேலாளரைப் போனில் பிடித்தால், "மடியில வச்சுக்கோங்க மேடம், மெதுவாத்தான் ஓட்டுவாரு" என்கிறார். மெதுவாகப் போகிற வண்டியும் சட்டென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் குழந்தையை எந்தப் பெரியவராலும் பிடித்து நிறுத்த முடியாது. மறுத்துவிட்டோம். இருக்கையுள்ள வேறு வண்டியை நாங்களே பிடித்து மலை ஏறியபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

விடுதி வாசலில் இறங்கியதும் அடுத்தது. பதிவில் ஏதோ குளறுபடியாம், அறை இல்லையாம். "மேலே நம்ம இன்னொரு கட்டடம் இருக்கு சார், அதே வாடகைதான், காட்சி பிரமாதமா இருக்கும்." எவ்வளவு மேலே என்று என் கணவர் கேட்டார். பக்கம்தான் என்றார்கள். அக்கம்பக்கம் விசாரித்துப் பார்த்தோம், எங்கேயும் இடமில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, குளிர் ஏறியது, பாப்பா தூக்கத்துக்கு அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் போனில் உயரம் பார்த்தேன். சுமார் 2,700 மீட்டர். 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் மலை நோய் வரும் வாய்ப்பு உண்டு என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 2,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 72 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. குளிரும் கூடும்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். இதையெல்லாம் மறைத்துவிட்டு எங்களிடம் காட்சியைப் பற்றிப் பேசினார்கள்.

அறையில் குழந்தைக் கட்டில் இல்லை. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. வெளியே கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே என் இரண்டு கை முட்டியும் சேர்ந்தாற்போல் நுழைந்தன, அதற்கு அந்தப்பக்கம் நேர் பள்ளம். இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் கட்டட விதி, சின்னக் குழந்தையின் உடல் புகுந்து வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. சால்வையை முறுக்கிக் கதவுக் கைப்பிடியைக் கட்டிவைத்தோம்.

இதற்கே மனம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் ஹீட்டர் என்று ஒன்று வந்தது. இரும்புச் சட்டி நிறையச் சிவந்த கரித்துண்டுகள், மேலே சாம்பல் பூத்து, புகையே இல்லாமல். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சூடு போகாமல் ஜன்னலை இறுக்கிச் சாத்தச் சொன்னார் பணியாள். புகை வராததால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதன் உடம்பில் சீக்கிரம் ஏறுகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு என்று அதன் அறிகுறிகளும் மலை நோயின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், மலையில் எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். "எல்லா அறையிலயும் இதான் வைக்கிறோம், இதுவரை ஒண்ணும் ஆனதில்ல" என்றார் மேலாளர். சட்டியை வெளியே எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, இருந்த உடையெல்லாம் போட்டுக்கொண்டு பாப்பாவை நடுவில் விட்டுப் படுத்தோம்.

நள்ளிரவுக்கு மேல் அவள் எழுந்து அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. தண்ணீரைத் தள்ளிவிட்டாள், எப்போதும் கையைவிட்டு இறக்காத பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிறகு வாந்தி. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் மலை நோய் இப்படித்தான் தெரியும்: காரணமில்லாத நச்சரிப்பு, சாப்பிட மறுப்பது, விளையாடாமல் இருப்பது, தூங்காமல் இருப்பது. வளைவில் வந்த வாந்தி, சரியாகிவிடும் என்றார்கள். வண்டியை விட்டு இறங்கிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. போதாததற்கு, பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குள் அபூர்வம். மலை ஏறிய பிறகு குழந்தைக்கு முடியாமல் போனால், வேறு காரணம் உறுதியாகும்வரை உயரம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அதைவிட நல்ல மருந்து இல்லை.

வண்டி கேட்டோம். ராத்திரியில் வராது என்றார்கள். கூடுதல் பணம் தருகிறோம் என்றதும் வந்தது. குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது நடந்த அந்தப் பேரத்தை என்னால் மன்னிக்கவே முடியாது. கீழே ஊருக்குள் போய் மருத்துவரிடம் காட்டினோம். அங்கே காத்திருக்கும்போதே தண்ணீர் கேட்டாள், வாசலில் நின்ற நாயைக் கைகாட்டிச் சிரித்தாள்.

மிச்ச நாட்களை ஊருக்குள் வேறொரு சின்ன விடுதியில் கழித்தோம், அவை உண்மையிலேயே நல்ல நாட்கள். ஓடைக்கரையில் ஒவ்வொரு கூழாங்கல்லாக எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு "இன்னும்" என்பாள். அதிலேயே காலைப்பொழுது போய்விடும். மூடுபனி வந்தால் கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பாள். பார்க்க வேண்டிய இடம் என்று பட்டியலில் இருந்த எதற்கும் போகவில்லை, அந்த வயதுக்கு அது தேவையும் இல்லை. தொப்பியை மட்டும் கழற்ற விடவில்லை, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்று புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே பதிவு செய்யும்போது நீங்கள் படுக்கப்போகும் கட்டடம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கேளுங்கள், அதன் இருப்பிடத்தை வரைபடத்தில் அனுப்பச் சொல்லுங்கள். இடம் மாற்றினால் முழுப் பணமும் திரும்பத் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள், தயங்கினால் வேறு விடுதி பாருங்கள். அறையைச் சூடாக்குவது எது என்று படத்தோடு கேளுங்கள். பால்கனியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவுதான், அதை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நீங்களாகத்தானே கிளம்பிப் போனீர்கள் என்று பதில் வந்தது. கார்டில் கட்டியிருந்ததால், சொன்ன சேவையைத் தரவில்லை என்று வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். குறுஞ்செய்திகள், கரிச்சட்டியின் படம், உயரம் காட்டிய போன் திரை, மருத்துவர் சீட்டு எல்லாம் இணைத்தாகிவிட்டது. விடுதிக்காரர்கள் இப்போது பாதிப் பணம் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்கிறார்கள். பெறப்போவதில்லை.