46,500 ரூபாய் கொடுத்து ஒன்பது வருடப் படங்களைத் தொலைத்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்து எழுத விடாது.

மார்த்தாண்டத்தில் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறேன். படங்களெல்லாம் ஒரு சேமிப்புப் பெட்டியில் இருந்தன: 8 டெராபைட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்கும் ஏற்பாடு). ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து அதிலிருந்ததை மீட்டுவிடலாம். கைக்குக் கிடைத்த இடம் 24 டெராபைட், அது நிரம்பிவிட்டது. பெட்டியில் இன்னும் இரண்டு டிஸ்க்குக்கு இடம் காலி. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். அங்கேதான் விழுந்தேன். "ஆறு டிஸ்க் ஆகிறதே, இரண்டு செத்தாலும் தாங்கும் ரெய்டு 6க்கு மாறிவிடலாமா?" என்று நானேதான் கேட்டேன். சிரித்தார். "எதற்கு அண்ணாச்சி, 8 டெராபைட் வீணாகும். டேட்டா சென்டரிலேயே இப்படிச் சொருகிக்கொண்டுதான் போகிறார்கள்." முதலில் எல்லாவற்றையும் வேறெங்காவது நகலெடுக்க வேண்டாமா என்றேன். "அதற்குத்தானே ரெய்டு!" தலையாட்டினேன். இரண்டு 'புது' டிஸ்க், கூலி எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய்.

புது டிஸ்க்குகளைப் பழையவற்றோடு சேர்க்கும் விரிவாக்கம் பல நாள் ஓடும். பழைய நான்கையும் ஒரு மூலை விடாமல் படித்து, ஆறிலும் பரப்பி எழுத வேண்டும். டிஸ்க்குகளுக்கு அதைவிடக் கடும் வேலை கிடையாது. மூன்றாம் நாள் விடியற்காலை பெட்டி கத்தத் தொடங்கியது. புது டிஸ்க் ஒன்றில் சிவப்பு விளக்கு. மதியத்துக்குள் பழையது ஒன்றிலும் சிவப்பு. ரெய்டு 5 தாங்குவது ஒன்றைத்தான்.

செத்த 'புது' டிஸ்க்கை உருவிப் பார்த்தால் திருகுத் துளைகளைச் சுற்றிப் பழைய கீறல்கள். அதன் ஜோடியின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைப்பது) ஓடிய நேரம் 31,000 மணி! எங்கோ சர்வரில் மூன்றரை வருடம் உழைத்ததைத் துடைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஃபோன் செய்தேன். "மின்னழுத்தக் கோளாறாக இருக்கும்." மறுநாள், "முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கிறார்." நேரில் போனேன். அதே மனிதர், இந்த முறை டீ இல்லை. "வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை." சரி, டிஸ்க்கையாவது மாற்றிக் கொடுங்கள் என்றால் பில் கேட்கிறார்! அவர் தந்தது ஒரு துண்டுத்தாள். அதில் 46,500 என்ற எண் மட்டும்.

குளச்சலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கோயிலுக்குப் புறப்படும்போது அப்பா அவள் நெற்றியில் சிலுவை போட்ட படம் வேண்டுமாம். அப்பா போன மாதம் தவறிவிட்டார்.

விரிவாக யோசனை சொல்ல நினைத்தேன், கை ஓடவில்லை. ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். அதையும் அழித்து விற்கிறவர்கள் உண்டு, திருகுத் துளையையும் பாருங்கள். வரிசை எண் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பெட்டியைத் தொடும் முன் தனி நகல். டேட்டா சென்டர்களில் உதிரி டிஸ்க் தயாராகக் காத்திருக்கும், நகல் வேறு இடத்தில் இருக்கும். அதை அந்த ஆள் சொல்லவே இல்லை.

46,500 ரூபாயை ஃபோனில் அனுப்பிய பதிவு இருக்கிறது. திங்கட்கிழமை அதோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். குளச்சல் பெண்ணுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.