லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி: காது மந்தமான பெரியவர்கள் உள்ள தமிழ் வீடுகளுக்கு எந்த அளவு உதவும்?

முதுமையில் கேட்கும் திறன் குறையத் தொடங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "சத்தம் காதில் விழுகிறது, சொல்வதுதான் புரியவில்லை" என்பதாகும். வீட்டார் இதைக் கவனக்குறைவு என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் உட்செவியின் நிலையை இதைவிடச் சரியாக எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. நத்தை ஓடு போன்ற காக்ளியாவின் தொடக்கப் பகுதியில் உயர் அதிர்வெண் ஒலிகளை வாங்கும் மயிர்ச் செல்கள்தாம் வயது ஏறும்போது முதலில் நலிகின்றன. உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை கேட்கின்றன. ச, த, ட போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய உயர் ஒலிகள் நழுவிவிடுகின்றன. ஆகவே உரக்கக் கத்துவதால் உயிரொலிகள் இன்னும் பெருக்கின்றனவே தவிர, சொல் தெளிவதில்லை. காதில் நழுவிய சொல்லைக் கண்ணுக்குக் கொண்டுவந்து தரும் இலவசச் செயலியான கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப்பை என் தாயாரின் கைப்பேசியில் நிறுவி, வீட்டிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் பயன்படுத்தி வருகிறோம். இம்மதிப்புரை அந்தப் பயன்பாட்டின் அடிப்படையில் எழுதப்படுகிறது.

இச்செயலி 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியானது. சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்தவரும் பேச்சறி தொழில்நுட்ப ஆய்வில் பல ஆண்டுகள் உழைத்தவருமான டிமிட்ரி கனேவ்ஸ்கி, தம்முடன் பணியாற்றிய செட் நெகி என்ற பொறியாளரோடு இணைந்து இதற்கு வடிவம் கொடுத்தார். காது கேளாதோருக்கான உயர்கல்வி நிலையமான, வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகம் இதன் வடிவமைப்பில் துணை நின்றது. வெளியான நாளிலேயே எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளையும் வட்டார வகைகளையும் அது ஏற்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. கேட்கும் திறன் இல்லாத ஒருவர் தமக்குத் தேவையானதைத் தாமே முன்னின்று செய்தார் என்பது இதன் சிறு சிறு ஏற்பாடுகளிலும் தெரிகிறது. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று திட்டமிடப்படும் பலவற்றில் இந்த அம்சம்தான் இல்லாமல் போகிறது.

அத்தகைய ஏற்பாடுகளில் நான் மிகவும் மதிப்பது, திரையின் மூலையில் ஒன்றனுள் ஒன்றாகத் தோன்றும் இரண்டு வட்டங்களை. உள்வட்டம் சுற்றுப்புற இரைச்சலின் அளவைக் காட்டுகிறது. வெளிவட்டம் பேசுபவரின் குரல் ஒலிவாங்கியை எவ்வளவு நன்றாக எட்டுகிறது என்பதைக் காட்டுகிறது. காது கேட்பவர் ஓரிடத்தில் நுழைந்ததுமே அங்கு இரைச்சல் அதிகம் என்பதை உணர்ந்துகொள்வார். கேளாதவருக்கு அது தெரிய வழியில்லை; எதிரில் இருப்பவர் தெளிவாகப் பேசவில்லை என்றோ கருவி கெட்டுவிட்டது என்றோதான் எண்ணத் தோன்றும். உள்வட்டம் பெருத்துக் கிடப்பதைக் கண்டதும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லவும், தொலைக்காட்சி ஓடும் கூடத்தை விட்டு வேறு அறைக்குப் போகவும் அவருக்கு இப்போது ஒரு காரணம் கிடைக்கிறது. சற்று நேரம் அமைதியாக இருந்து மீண்டும் பேச்சு தொடங்கினால் கைப்பேசி அதிர்ந்து உணர்த்துவதும், தம் பெயரைப் பதிந்து வைத்தால் அப்பெயர் சொல்லப்படும்போது அதிர்வதும், மருந்துப் பெயர்களையும் உறவினர் பெயர்களையும் முன்கூட்டியே சேர்த்து வைக்க இடம் இருப்பதும், எழுத்தின் அளவை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ள முடிவதும் நன்கு சிந்தித்துச் செய்யப்பட்டவை. பேச விரும்பாதவர் விசைப்பலகையில் தட்டித் தம் பதிலை அதே திரையில் காட்டலாம்.

தமிழில் இதைப் படிக்கும்போது தனிக் கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. பேச்சைக் கேட்கக் கேட்க எழுதும் எந்தப் பொறியும் முதலில் ஒரு சொல்லை ஊகித்து இட்டு, அடுத்து வரும் சொற்களைக் கேட்டபின் முன்னதைத் திருத்தும். எனவே வரி நிலைபெறும் முன்பே படித்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இது தமிழுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. உடன்பாடா எதிர்மறையா என்பதும் அக்கடைசிச் சொல்லின் ஈற்றில்தான் தெரிகிறது. "சாப்பிடலாம்" என்பதற்கும் "சாப்பிடக் கூடாது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, பெரும்பாலோர் குரலைத் தாழ்த்தி விழுங்கிவிடும் அந்த ஈற்றசைகளே தாங்குகின்றன. முழு வாக்கியமும் சரியாக எழுதப்பட்டு, ஈறு மட்டும் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். எண்களிலும் இதே இடர் இருக்கிறது: இருபதும் அறுபதும், ஒன்பதும் ஐம்பதும் ஒலியில் நெருங்கியவை. மருந்தின் அளவு, பணத்தொகை, தேதி, "வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்ற முடிவு ஆகியவற்றைத் திரையில் கண்டதோடு விட்டுவிடாமல், திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வதையோ தாளில் எழுதி வாங்குவதையோ நாங்கள் வழக்கமாக்கிக் கொண்டோம். வட்டார வழக்கிலும், பாதி ஆங்கிலம் கலந்த வேகப் பேச்சிலும் எழுத்து தடுமாறும். ஆனால் சூழலைத் தெரிந்த ஒருவருக்கு, பத்துச் சொற்களில் எட்டு சரியாக வந்தால் மற்ற இரண்டை ஊகிப்பது கடினமன்று. காதை மட்டும் நம்பி அவர் இதுவரை செய்துவந்த ஊகம் இதைவிடப் பன்மடங்கு கடினமானது.

செயலியை நிறுவிக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: இதைப் பயன்படுத்தக் கற்க வேண்டியவர்களில் முதன்மையானவர்கள் காது கேட்கும் வீட்டாரே. கைப்பேசி பேசுபவருக்கு அருகில் இருக்க வேண்டும். அதாவது பெரியவர் தம் கைப்பேசியை மேசையில் நம் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சற்று எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும். ஒருவர் பேசி முடித்தபின்பே மற்றவர் தொடங்க வேண்டும். பேசுபவர் இன்னார் என்று செயலி பிரித்துக் காட்டாது. நான்கு பேர் ஒருசேரப் பேசினால் திரையில் வருவது யாருடைய பேச்சும் ஆகாது. சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதை நிறுத்தி, எதிரில் வந்து அமர்ந்து, முகம் தெரியப் பேச வேண்டும். என் தாயார் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை; பேச்சை முடிக்கும் வரை பொறுத்திருக்கப் பழகியதில் எங்களுக்குத்தான் காலம் பிடித்தது. அதன் பயனாக, உணவு வேளையில் தலைகுனிந்து சாப்பிட்டு எழுந்துவிடும் அவர் இப்போது உரையாடலில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார். கல்யாண வீடு, பந்தி, நாதசுரம் ஒலிக்கும் இடங்களில் இச்செயலியிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஓரளவு இரைச்சல் உள்ள இடங்களில், கம்பி வழியாகவோ புளூடூத் வழியாகவோ இணையும் தனி ஒலிவாங்கியைப் பேசுபவரின் சட்டையில் பொருத்தினால் எழுத்தின் தரம் கண்கூடாக உயர்கிறது. இதற்கென்று செலவு செய்வதாக இருந்தால் அந்த ஒலிவாங்கிக்கே செய்யலாம்.

பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் பணி கூகுளின் கணினிகளில் நடப்பதால் நல்ல இணைய இணைப்பு அவசியம். தடித்த சுவர்களுக்குள் இருக்கும் பரிசோதனை அறைகளில் இணைப்பு நலிவதுண்டு என்பதால் சிறு குறிப்பேடும் பேனாவும் பையில் இருக்கட்டும். ஒலியைத் தன் கணினிகளில் சேமிப்பதில்லை என்று நிறுவனம் கூறுகிறது. எழுத்து வடிவத்தை மூன்று நாள் வரை கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளும் வசதியை நாம் விரும்பினால் இயக்கலாம். மருத்துவர் சொன்னதை வீடு திரும்பியபின் நிதானமாகப் படிக்க இது பெரிதும் உதவுகிறது. ஆனாலும் எதிரில் இருப்பவரிடம் "எனக்குக் காது சரியாகக் கேட்காது, நீங்கள் பேசுவதை இதில் படித்துக்கொள்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. அப்படிச் சொன்னதும் பலர் தாமாகவே நிறுத்திப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

தொலைபேசி அழைப்பில் வரும் பேச்சை அதே கைப்பேசியில் இச்செயலி எழுதித் தராது. ஐபோனில் இது கிடைக்காது. பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு நிறுவனச் செயலிகளுக்குச் சந்தா கட்டிவிட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கும், கண்புரையால் திரையைப் பார்க்க இயலாதவருக்கும் இதனால் பயன் இல்லை. பிறவியிலேயே கேளாதவராய்ச் சைகைமொழியில் வளர்ந்தவர்களின் தேவை முற்றிலும் வேறு. அவர்களிற் பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழியே. வேகமாக ஓடும் எழுத்து வரிகள் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் இடத்தை நிரப்பிவிடாது. டெல்லியிலுள்ள இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்களாக வளர்ந்துள்ளது. பிறவிச் செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டார் நேரத்தைச் செலவிட வேண்டியது அங்கே.

செயலி நன்றாக உதவுகிறது என்பதற்காகச் செவிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதை நான் கடுமையாக மறுப்பேன். காதில் அடைத்த குறும்பி, நடுச்செவித் தொற்று போன்ற, சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். குறிப்பாக, ஓரிரு நாள்களுக்குள் ஒரு காது திடீரென்று கேளாமற் போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் கேட்கும் திறன் மீள வாய்ப்பு உண்டு. படிப்படியாகக் குறைந்தவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்பதை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர். வருமான வரம்புக்கு உட்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் நடுவணரசின் அடிப் (ADIP) திட்டத்திலும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோர் 2017இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது கருவிக்கு விண்ணப்பிக்கலாம். கருவியும் செயலியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. கருவியை அணிந்துகொண்டு திரையையும் பார்ப்பவரே இரண்டின் முழுப் பயனையும் அடைகிறார், ஏனெனில் படித்த சொல்லைக் காதும் உறுதிசெய்கிறது.

இதனோடு சேர்ந்து வரும் ஒலி அறிவிப்பு வசதி 2020இல் சேர்க்கப்பட்டது. குழந்தையின் அழுகை, கதவு தட்டும் ஓசை, தீயெச்சரிக்கை மணி, குழாயில் நீர் ஓடும் ஒலி முதலியவற்றை அறிந்து அதிர்வாலும் ஒளியாலும் தெரிவிக்கிறது. இதற்கு இணையம் தேவையில்லை. தனியே வாழும் முதியவருக்கு இது ஒன்றுக்காகவே செயலியை நிறுவலாம்.

தமிழைச் சரளமாகப் படிப்பவரும், நடுவயதுக்குப் பின் கேட்கும் திறனை இழந்தவருமான எவருக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். குரலை மட்டும் நம்பி வரிசை எண்ணை அழைக்கும் மருத்துவமனைச் சீட்டு வழங்குமிடங்களிலும் வங்கி முகப்புகளிலும், இச்செயலி ஓடும் ஒரு கைப்பேசியை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைக்க நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு சாதாரணக் கைப்பேசியின் விலையும், அதை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் மட்டுமே.