கல்யாணத்துக்குப் பின் ஒரே ஊர்: கேடர் மாற்றமா, அயல்பணியா, பணிமூப்பு இழப்பா?

கணவன், மனைவி இருவரும் அரசு ஊழியர்கள் என்றால், முடிந்தவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 1986-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 2009 செப்டம்பரில் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. குறிப்பாகப் பிள்ளைகளுக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோர் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்த ஒரே ஊருக்குப் போய்ச் சேரும் பாதை ஆளுக்கு ஆள் மாறுகிறது. எந்தப் பாதையில் என்ன கிடைக்கும், எதை இழக்க வேண்டும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள். இவர்கள் பணியில் சேரும்போது ஒதுக்கப்படும் மாநில அணிதான் கேடர். ஐஏஎஸ்ஸுக்கான 1954-ம் ஆண்டு கேடர் விதிகளில் 5(2) என்ற விதி இருக்கிறது. சம்பந்தப்பட்ட மாநில அரசுகள் சம்மதித்தால், மத்திய அரசு ஒருவரை ஒரு கேடரிலிருந்து இன்னொரு கேடருக்கு நிரந்தரமாக மாற்றலாம். கல்யாணம் இதற்கு ஏற்கப்பட்ட காரணம்தான். ஆனால் துணையும் ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற அகில இந்தியப் பணியில் இருக்க வேண்டும். வங்கியிலோ தனியார் நிறுவனத்திலோ இருப்பவரைக் கட்டிக்கொண்டால் இந்தக் கதவு திறக்காது. சொந்த மாநிலத்தையும் கேட்க முடியாது. இரண்டு மாநிலங்களும் பிடி கொடுக்காவிட்டால், இருவரையும் மூன்றாவது ஒரு மாநிலத்துக்கு அனுப்பவும் வழி உண்டு.

இதில் இழப்பு எவ்வளவு? விரும்பிக் கேட்டு மாறும் அதிகாரி, புதிய மாநிலத்தில் தன் ஒதுக்கீட்டு ஆண்டைச் (பணிமூப்பைக் கணக்கிட அவருக்குத் தரப்பட்ட ஆண்டு) சேர்ந்தவர்களுக்குக் கீழே வைக்கப்படுவார். அவ்வளவுதான். ஆண்டு அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு வந்தவர் அவரைத் தாண்டிவிட முடியாது. இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது, வேறு மாநிலத்துக்கு அயல்பணி. எல்லோரும் டெபுடேஷன் என்று சொல்வது இதைத்தான். வழக்கமாக 9 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும், 5 ஆண்டு வரை இருக்கலாம், பிறகு தாய் கேடருக்குத் திரும்ப வேண்டும். பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற நிலைமைக்கு இது உதவும். இளம் தம்பதிக்கு அவ்வளவாக உதவாது. பணியில் சேர்ந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்திருந்தால், ஒன்பதாம் ஆண்டு வரை யார் காத்திருப்பது? ஆகவே கேடர் மாற்றத்துக்குத் தகுதி இருப்பவர்கள் அதையே முதலில் கேட்க வேண்டும். இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பமும் வலியும் அடுத்த தட்டில்தான். ஜிஎஸ்டி, சுங்கத் துறை இன்ஸ்பெக்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்று, பணிமூப்பு மட்டும் மண்டலத்துக்கு மண்டலம் தனி. மனைவி ஷில்லாங் மண்டலத்தில் இன்ஸ்பெக்டர், கணவர் மதுரையில் அஞ்சல் துறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2011-ல் வந்த சுற்றறிக்கைப்படி, 2018 வரை அந்த மனைவி தமிழ்நாட்டுக்கு நிரந்தரமாக மாற முடிந்தது. விலை: சேரும் நாளில் அங்கே அந்தப் பதவியில் இருக்கும் அத்தனை பேருக்கும் கீழே, பட்டியலின் கடைசியில் பெயர். ஏழெட்டு ஆண்டு உழைப்பின் மூப்பு போய்விடும். அது தெரிந்தேதான் பலர் கேட்டு வாங்கினார்கள்.

2018 செப்டம்பர் 20-ம் தேதி வந்த சுற்றறிக்கை அதையும் மூடியது. 2016-ன் பணி விதிகளில் அப்படி மாற இடமில்லை என்பது காரணம். மிகவும் இரக்கத்துக்குரிய நேர்வுகளில் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குக் கடன் அடிப்படையில், அதாவது தாய் மண்டலத்தின் ஊழியராகவே இருந்துகொண்டு வேறு மண்டலத்தில் வேலை பார்க்கும்படி, மாறுதல் தரலாம் என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச் 10-ல் வந்த தீர்ப்பு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்யவில்லை. ஆனால் கணவன், மனைவி சேர்ந்திருப்பது, மாற்றுத்திறனாளிகளின் தேவை, கருணை அடிப்படை ஆகியவற்றை மனதில் வைத்துக் கொள்கையை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசிடம் சொன்னது. வீட்டுப் பொறுப்பு பெண் தலையில் விழும் சமூகத்தில் இப்படியொரு விதி அவளைத்தான் அதிகம் பாதிக்கும் என்பதையும் நீதிபதிகள் பேசினார்கள்.

கடன் பணியில் மூப்பு பத்திரமாக இருக்கும், பதவி உயர்வு தாய் மண்டலத்தில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணை முடிந்ததும் குடும்பம் மறுபடி பிரியும். பள்ளி மாற்றம், வாடகை வீடு, வயதான மாமியார் என்று எல்லாவற்றையும் திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சமயத்தில் வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் மனைவியின் வேலையைப் பற்றியதாகவே இருக்கும். என்னைக் கேட்டால், மூப்பை இழந்தாவது நிரந்தரமாக மாறுவதே மேல். குறைந்தபட்சம் அந்தத் தேர்வு ஊழியர் கையில் இருக்க வேண்டும்.

சேரும் மண்டலத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் ஒரு கவலை உண்டு. வெளியிலிருந்து ஆட்கள் மூப்போடு வந்து இறங்கினால் அவர்களின் பதவி உயர்வு தள்ளிப்போகும். எல்லோரும் கிளம்பிவிட்டால் ஷில்லாங் மண்டலமும் காலியாகும். இரண்டும் நியாயமான கவலைகள். அதற்கு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் பேர்தான் என்று உச்சவரம்பு வைக்கலாம். மூப்பு விஷயத்தில் ஐஏஎஸ்ஸுக்கு உள்ள அதே ஏற்பாட்டைக் கொடுங்கள்: வருபவர் தன் ஆண்டைச் சேர்ந்தவர்களுக்குக் கீழே நிற்கட்டும், மொத்தப் பட்டியலின் கடைசியில் அல்ல. மாவட்ட ஆட்சியருக்குப் பொருந்தும் அந்த விதி இன்ஸ்பெக்டருக்கு ஏன் பொருந்தாது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒரு காரணமும் கிடைக்கவில்லை.