குதிரைக்கு மழைப் போர்வை: துணியா, கட்டிங்கா?

என் பெண் குதிரைக்கு முதலில் வாங்கிய மழைப் போர்வை 1680 டெனியர் நைலான். டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண். தூக்கிப் பார்த்தாலே நம்பிக்கை வரும் கனம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் துணியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு தோளிலும் முடி தேய்ந்து தோல் தெரிந்தது. அடுத்த பருவத்துக்கு அதைத் தூக்கி வைத்துவிட்டு, ஏறக்குறைய பாதி விலையில் 600 டெனியர் பாலியெஸ்டர் ஒன்று வாங்கினேன். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது. பத்தாவது நாள், கூட மேயும் குதிரை ஒன்று பல்லால் கவ்வி இழுத்து முதுகு நீளத்துக்குக் கிழித்துவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் எதை எடுப்பது என்று அப்புறம் பல வருடம் யோசித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டர்ன்அவுட் ரக் என்று விற்கப்படுவது, வெளியே மேயும் குதிரைக்கான தண்ணீர் புகாத போர்வை. லாயத்துக்குள் போடும் போர்வை வேறு. அது மழையில் நனைந்தால் ஈரச் சாக்குதான். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுச் சமாளிக்க முடியாது.

முதலில், போர்வை வேண்டுமா? குளிருக்குப் பழகி, குளிர்கால முடி முழுதாக வளர்ந்த குதிரை, உடம்பு உலர்ந்திருந்து காற்றும் அடிக்காமல் இருந்தால், -15 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சிரமமில்லாமல் தாங்கும். முடி கத்தரித்த குதிரைக்கும் கோடை முடியோடு இருக்கும் குதிரைக்கும் 5 டிகிரியிலேயே குளிர ஆரம்பித்துவிடும். மழையும் காற்றும் சேர்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். முடி சிலிர்த்து நிற்கும்போது இடையில் தங்கும் காற்றுதான் கதகதப்பு. நனைந்து படிந்த முடியில் அந்தக் காற்று இருக்காது. நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று சின்னங்களைப் பழக்கினார்கள்: போர்வை போடு, போர்வையை எடு, இப்படியே இருக்கட்டும். மழையும் காற்றும் குளிருமான நாளில் போடச் சொல்லியும், நல்ல வெயில் நாளில் எடுக்கச் சொல்லியும் குதிரைகள் அதற்கான சின்னத்தைத் தொட்டுக் காட்டின. அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆக, குதிரைக்கு இதில் சொந்த அபிப்பிராயம் உண்டு. நமக்குக் குளிர்கிறது என்பதற்காக அதற்குப் போர்த்த வேண்டியதில்லை.

சரி, துணிக்கு வருவோம்.

பழைய முறை கித்தான். கம்பளி உள்வரி வைத்துத் தைத்த கித்தான் போர்வையை நியூசிலாந்து ரக் என்றே சொல்வார்கள். தண்ணீர் பட்டதும் பருத்தி இழை உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதுதான் அதன் தண்ணீர்த் தடுப்பு. அதனால் புதுக் கித்தான் முதல் மழையில் கொஞ்சம் கசிவது இயல்பு. வாங்கியதும் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட்டால் தையல் ஓட்டைகளும் இறுகிவிடும். கித்தானைப் போல மூச்சு விடும் துணி வேறு இல்லை. கிழிந்தால் தடித்த ஊசியும் மெழுகு நூலும் போதும், வீட்டிலேயே தைத்துவிடலாம். ஆனால் நனைந்த கித்தானைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். காய இரண்டு நாள் ஆகும்; ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இழை இற்றுப்போகும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் இடத்துக்கு இன்றும் நல்ல துணிதான். நாள் கணக்கில் விடாமல் பெய்யும் இடத்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

இப்போது பெரும்பாலும் கிடைப்பது பாலியெஸ்டரும் நைலானும். இரண்டிலும் கண்ணில் படும்படி எழுதியிருப்பது டெனியர் எண். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். 600 டெனியர் என்றால் 9000 மீட்டர் நூல் 600 கிராம். அதாவது அந்த எண் சொல்வது நூலின் பருமனை மட்டுமே. நெசவு நெருக்கமா, தண்ணீர் புகுமா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. தளர்வாக நெய்த 1200 டெனியரைவிட நெருக்கமாக நெய்த 600 நன்றாக உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பாலியெஸ்டரை ஒப்பிடும்போது இந்த எண் ஓரளவு உதவும். பாலியெஸ்டரையும் நைலானையும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் ஒரே பருமனில் நைலான்தான் உராய்வுக்கும் இழுப்புக்கும் கூடுதலாகத் தாங்கும். பாலிஸ்டிக் நைலான் என்று விற்கப்படும் நெசவு, இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் குண்டுச்சிதறல் தடுப்பு அங்கிக்காக வந்தது. மேய்ச்சலில் சண்டைக்கார ஜோடி இருந்தால் அந்தப் பெயரில் அர்த்தம் இருக்கிறது.

நைலானின் குறை வேறு மாதிரி. தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நைலான் சீக்கிரம் நலியும். தனியாக மேயும், அல்லது சாது நண்பர்களோடு மேயும் குதிரைக்கு 600 டெனியர் பாலியெஸ்டர் போதும். கூட்டத்தில் கடிக்கும் குணமுள்ள ஒன்று இருந்தால் 1200-க்குக் கீழே போக வேண்டாம். இளங்குதிரைகள் கூட்டமாக இருக்கும் இடத்துக்கு நைலான். ரிப்ஸ்டாப் நெசவு என்றால் சின்னச் சின்னக் கட்டமாகத் தடித்த நூல் ஓடும். கிழிசல் வந்தாலும் ஒரு கட்டத்தோடு நிற்கப் பார்க்கும். அது இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எண் ஏற ஏற நல்லது என்று நினைக்க வேண்டாம். 2520 டெனியர் போர்வை போட்ட குதிரை வேலியில் மாட்டிக்கொண்டால், எதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். துணி விட்டுக்கொடுக்காது என்றால் பட்டையின் தையலோ முன் பக்கிளோ அறுந்து குதிரையை விடுவிக்க வேண்டும். துணி, பட்டை, பக்கிள் எல்லாமே இரும்பு மாதிரி இருக்கும் போர்வை எனக்குப் பயம்.

தண்ணீர்த் தடுப்பு நூலில் இல்லை, உள்பக்கப் பூச்சிலோ ஒட்டிய சவ்விலோ இருக்கிறது. அதைத் தண்ணீர்த் தூண் அளவில் சொல்வார்கள்: துணியின்மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்று. 3000 மி.மீ. என்றால் மூன்று மீட்டர் தண்ணீர். மழைக்கு அது தாராளம். பூச்சு மலிவு, ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தால் சில பருவத்தில் செதில் செதிலாக உரியும். சவ்வு வியர்வை ஆவியை நன்றாக வெளியே விடும், நீடித்தும் உழைக்கும். ஆனால் வெளியே காற்றே புழுங்கினால் ஆவி போக வழி இல்லை. அப்போது எந்தச் சவ்வும் பெரிதாக எதுவும் செய்துவிடாது.

உண்மையில் ஒழுகுவது துணியில் குறைவு, ஊசி போன இடத்தில்தான் அதிகம். அதனால் கடையில் போர்வையை எடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்புங்கள். முதுகெலும்பு நெடுக ஒரு தையல் ஓடினால் அங்கேதான் மழை முழுதும் விழும். முதுகில் தையலே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டியது மேல். தையல் இருந்தே தீர வேண்டிய இடத்தில் அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வயிற்றுப் பட்டை பிடித்துத் தைத்த இடத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள், முதலில் டேப் விடுவது அங்கேதான். டெனியர் எண்ணைப் பெரிதாக அச்சடித்த போர்வைகள் சிலவற்றில் இந்த டேப் சுத்தமாக இருப்பதில்லை.

இன்னொன்று. போர்வையை எடுத்ததும் உள்ளே ஈரம் என்றால் உடனே ஒழுகல் என்று முடிவு கட்டாதீர்கள். முதுகில் கோடாகவோ, பட்டைத் தையலைச் சுற்றித் திட்டாகவோ ஈரம் இருந்தால் ஒழுகல். தோளுக்குப் பின்னாலும் விலாவிலும் பரவலாகப் பிசுபிசுவென்று இருந்தால் அது வியர்வை; போர்வை கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். ஒரு நல்ல போர்வையை ஒழுகுகிறது என்று நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன், பின்னால்தான் புரிந்தது. எப்படியும், தோல் ஓயாமல் ஈரமாக இருந்தால் டெர்மடோஃபிலஸ் என்னும் பாக்டீரியா பிடித்து முடி கொத்துக் கொத்தாகப் பொருக்கோடு உதிரும். ஒழுகும் போர்வையைவிட வெறும் முதுகு மேல்.

உள்ளே எவ்வளவு பஞ்சு என்பது அடுத்த கேள்வி. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். 0 முதல் 100 வரை லேசு, 150 முதல் 250 வரை நடுத்தரம், 300-க்கு மேல் கனம். கடைக்காரர்கள் விற்கப் பார்ப்பது கனமானதை. வாங்குபவர்களும் பயத்தில் அதையே எடுப்பார்கள். நான் பஞ்சே இல்லாத வெளிப்போர்வையும், உள்ளே தனியாகக் கொக்கி போட்டு மாட்டும் 100 அல்லது 200 கிராம் உள்வரியும் என்ற பக்கம். காலையில் 12 டிகிரி, இரவில் 2 டிகிரி என்றால் உள்வரியை மட்டும் மாற்றினால் போதும். துவைப்பதும் சுலபம். குறையும் உண்டு: வேறு வேறு கம்பெனியின் உள்வரி சரியாக மாட்டாது, இரவெல்லாம் நகர்ந்து காலையில் வயிற்றுக்குக் கீழே சுருண்டு கிடக்கும். அப்புறம் வெளிப்போர்வை கிழிந்தால் எல்லாம் போச்சு. அதனால் வெளிப்போர்வை மட்டும் இரண்டு வேண்டும். ஒன்று காயும்போது மற்றது முதுகில். கனமான ஒரே போர்வை சரிவருவது, முடியை முழுதும் மழித்த, அல்லது வயதாகி உடம்பு இறங்கிய குதிரைக்குத்தான்.

பஞ்சில்லாத போர்வையை மழையில்லாத கடுங்குளிரில் போடாதீர்கள். அது முடியை அழுத்தி, குதிரைக்கு இயல்பாக இருந்த கதகதப்பையும் கெடுத்துவிடும். அந்த மாதிரி இரவில் கூடுதலாக ஒரு கட்டு உலர்புல் வைத்தாலே பாதிப் போர்வை போட்ட மாதிரி. நார்த்தீனி குடலில் நொதிக்கும்போது உள்ளேயே சூடு உண்டாகும்.

இனி கட்டிங். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். பிடரி முடி முடியும் இடத்தில் மேடாக நிற்கும் எலும்பை விதர்ஸ் என்பார்கள். போர்வையின் கழுத்து விளிம்பு அதற்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வேண்டும். அதன்மேலேயே அழுத்தினால் புண். பின்னுக்கு வழுக்கினால் மார்பு இறுகி, ஒவ்வொரு அடிக்கும் தோள் துணியை உரசும். என் முதல் போர்வைக்கு நடந்தது இதுதான். தோளில் மடிப்பு விட்டுத் தைத்த கட்டிங், அகன்ற மார்புள்ள குதிரைக்கு நல்லது. ஒடுங்கிய மார்புள்ள குதிரைக்கு அதே மடிப்பு தொங்கி மடங்கி உரசும். உயர்ந்த விதர்ஸ் உள்ள குதிரைக்கு முதுகு வளைவாக வெட்டியதும், தட்டையான முதுகுக்கு நேராக வெட்டியதும் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். நண்பரின் குதிரைக்கு அற்புதமாக இருந்த போர்வை நம்முடையதற்கு அற்புதமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அளவு எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. அங்குல அளவு மார்பின் நடுவிலிருந்து பிட்டத்தின் முனை வரை. ஐரோப்பியச் சென்டிமீட்டர் அளவு முதுகு நீளத்தை மட்டும் சொல்லும். நான் 75 அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கி, 190 சென்டிமீட்டரில் போர்வை இருக்கிறதா என்று கேட்டேன். யானை வைத்திருக்கிறீர்களா என்றார் கடைக்காரர்.

கழுத்து மூடியைப் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சேர்த்தே தைத்தது மழைக்கு நல்லது, பிடரி முடியைத் தின்னும். கழற்றி மாட்டுவது வசதி. சந்தேகம் இருந்தால் கழற்றுவதையே எடுங்கள். வயிற்றுப் பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு கை அகலம் விடுங்கள். அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டும். பின்னங்கால் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துப் போட்டால் தொடையில் உரசாது.

சாதாரண சலவைத்தூளும் துணி மென்மையாக்கியும் தண்ணீர்த் தடுப்பைச் சீக்கிரம் கெடுத்துவிடும். காய்ந்த சேற்றைத் தூரிகையால் தட்டி, பருவம் முடிந்ததும் இதற்கென்றே உள்ள சோப்பில் 30 டிகிரித் தண்ணீரில் அலசி, தடுப்புத் திரவம் பூசி, முழுதும் காய்ந்த பிறகு மடியுங்கள்.

புதுப் போர்வையை முதல்முறை போட்டுப் பார்க்கும்போது குதிரையின் முதுகில் ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து அதன்மேல் போடுங்கள். நின்ற குதிரையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒரு பிடி புல்லைத் தரையில் வைத்து அது தலையைக் குனிந்து தின்னும்போது விதர்ஸ் பக்கம் கையை விட்டுப் பாருங்கள், பத்தடி நடத்தியும் பாருங்கள். கை தாராளமாக நுழையாவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். முடி ஒட்டிய போர்வையைக் கடையில் திரும்ப வாங்குவது கஷ்டம்.