சொல்லுக்கும் சொந்தபந்தம் உண்டு: வணிக ஆங்கிலத்தோடு ஆறு வருடம்

நவி மும்பையில் சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில், டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாவது வரை திருநெல்வேலிப் பக்கம் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். கல்யாணமாகி செம்பூர் வந்த பிறகு கிடைத்த வேலை இது. சரக்கு கிளம்புவது நவாசேவா துறைமுகத்திலிருந்து. பதில் எழுத வேண்டியதோ ஹாம்பர்க், ஜெபல் அலி, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்களுக்கு. ஒரு நாளைக்கு அறுபது மெயில் சாதாரணம். இந்த ஆறு வருடத்தில் ஆங்கிலம் எழுதப் பழக எதையெல்லாம் பயன்படுத்தினேன், எது உதவியது, எது உதவவில்லை என்று என்னைப் போலத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பெண்கள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சேர்ந்தது மூன்று மாத மாலை வகுப்பு. பெயர் வேண்டாம். அங்கே கொடுத்த ஜெராக்ஸ் கட்டில் ஐந்நூறு சொற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வரியிலும் நாலைந்து சொற்கள், நடுவில் சமக்குறி. ஆஸ்க், ரிக்வெஸ்ட், டிமாண்ட், இன்கொயர் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம். காலையில் செம்பூரிலிருந்து பேலாப்பூர் போகும் ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்துவிடும். மான்கூர்ட் தாண்டி வாஷி பாலம் வருவதற்குள் ஒரு பக்கம் மனப்பாடம் செய்துவிடுவேன். தினமும் ஒரே சொல்லை எழுதினால் மதிப்பில்லை, மாற்றி மாற்றி எழுதினால்தான் நல்ல ஆங்கிலம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நம்பினேன்.

அந்தச் சமக்குறி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன். ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஒரு கன்டெய்னர் ஸ்டீல் பாத்திரத்தை, திறந்து பார்க்க வேண்டும் என்று கஸ்டம்ஸில் நிறுத்தி வைத்தார்கள். இது அடிக்கடி நடப்பதுதான். ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். வாங்குபவருக்கு நான்தான் தகவல் எழுத வேண்டும். 'ஹோல்ட்' என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் அது ரொம்பச் சின்னச் சொல்லாகத் தெரிந்தது. ஜெராக்ஸ் வரிசையில் அதற்குப் பக்கத்தில் 'ஸீஸ்' இருந்தது. "உங்கள் சரக்கை கஸ்டம்ஸ் ஸீஸ் செய்திருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரியே ஜெர்மனிக்காரர் எங்கள் மேலாளரைக் கூப்பிட்டுவிட்டார். என்ன வழக்கு, என்ன குற்றம், நாங்கள் வக்கீலை வைக்க வேண்டுமா என்று கேள்வி மேல் கேள்வி. மறுநாள் காலையில் எங்கள் சீனியர் என்னைக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். அலுவலகத்துத் தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் அவர் மாமா.

"ஏம்மா, ஸீஸ்னு எழுதியிருக்கியே, சாட்சி வச்சுப் பஞ்சநாமா எழுதினாங்களா?"

"இல்ல மாமா. திறந்து பாக்கணும்னு நிறுத்தி வச்சிருக்காங்க."

"அப்போ அது ஹோல்ட். ஸீஸ்னா சரக்கு கைவிட்டுப் போச்சுன்னு அவர் நினைக்க மாட்டாரா?"

கோபப்படவில்லை. ஒரு பழைய இன்வாய்ஸைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஏணி மாதிரி நாலு படி வரைந்தார். கீழ்ப்படியில் ஹோல்ட், அதாவது நிறுத்திவைப்பது. அடுத்தது டீடெய்ன், தடுத்துவைப்பது. மூன்றாவது ஸீஸ், கைப்பற்றுவது. 1962ஆம் வருடக் கஸ்டம்ஸ் சட்டத்தின் 110ஆம் பிரிவில் வருவது இந்தச் சொல். பறிமுதலுக்கு உரிய சரக்கு என்று நம்புவதற்கு அதிகாரியிடம் காரணம் இருந்தால்தான் கைப்பற்ற முடியும். உச்சிப்படியில் கான்ஃபிஸ்கேட், பறிமுதல். இறக்குமதிக்கு 111, ஏற்றுமதிக்கு 113 என்று தனித்தனிப் பிரிவு. நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, உத்தரவு போட்ட பிறகுதான் அந்தப் படிக்கு ஏற முடியும்.

நம் செய்தித்தாள்களைப் பாருங்கள். விமான நிலையத்தில் தங்கத்தைப் பிடித்த அன்றைக்கே 'பறிமுதல்' என்று தலைப்பு வரும். சின்ன வயதிலிருந்து அதைப் படித்து வந்ததால், பிடிப்பதும் பறிப்பதும் என் மனதில் ஒன்றாகவே கிடந்தன. குழப்பம் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, என் தமிழிலேயே இருந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாள்தான் நான் உண்மையில் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்த நாள். ஜெராக்ஸ் கட்டைப் பரணில் போட்டேன். மாமா வரைந்த அந்த ஏணியை ஒரு நூறு பக்க நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். அதே வரிசை நோட்டுகளில் இப்போது ஐந்தாவது ஓடுகிறது.

நோட்டில் நான் செய்வது இதுதான். ஒரு சொல்லை நடுவில் எழுதுவேன். அதற்கு மேலே யார், கீழே யார், பக்கத்தில் யார், எதிரே யார், யாரோடு சேர்ந்து வரும் என்று ஐந்து கேள்வி. கல்யாண வீட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்போமே, அந்த மாதிரி. பொருளைக் கடைசியில்தான் எழுதுவேன்.

இந்த யோசனையைத் தெளிவாக்கியது வேர்ட்நெட். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர் தொடங்கி வைத்த சொல் வலை. அகர வரிசையை விட்டுவிட்டு, ஒரே பொருளில் நிற்கும் சொற்களை ஒரு கூட்டமாகக் கட்டி, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உறவு போட்டிருக்கிறார்கள். அப்படி 1,17,000க்கும் மேற்பட்ட கூட்டங்கள். காசில்லாமல் பார்க்கலாம். இந்திய மொழிகளுக்கும் இதே மாதிரி ஒரு வலை உண்டு, தமிழும் அதில் இருக்கிறது. அந்த வேலை நடப்பது இங்கே பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து என்று தெரிந்தபோது ஏதோ நம் வீட்டுச் செய்தி போலச் சந்தோஷமாக இருந்தது.

வினைச்சொற்களை அது அடுக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு செயல், அதைச் செய்யும் விதங்கள். நம் அடுப்படியில் நடப்பதும் அதுதான். இட்லியை அவிப்போம், தோசையைச் சுடுவோம், கூழைக் காய்ச்சுவோம், சோற்றை வடிப்போம். மேலே சமைத்தல் என்ற ஒரே சொல், கீழே இத்தனை பிள்ளைகள். தோசையை வடித்தேன் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. ஹோல்டுக்கும் ஸீஸுக்கும் நடுவில் இருக்கும் தூரமும் அவ்வளவுதான் என்று புரிந்த பிறகு பயம் போய்விட்டது.

இதே முறையில் என் தொழில் சொற்களுக்கு நானே மரம் போட்டேன். முதல் மரம் தாமதக் கட்டணம். கன்டெய்னர் இலவச நாட்களைத் தாண்டித் துறைமுக யார்டுக்குள்ளேயே கிடந்தால் டிமரேஜ். வெளியே எடுத்துப் போய்த் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். தமிழில் இரண்டையும் தாமதக் கட்டணம் என்றே பேசுகிறோம். மெயிலில் மாற்றி எழுதினால் பணம் கட்ட வேண்டிய ஆளே மாறிப்போகலாம். இதில் இன்னொரு முடிச்சு. முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் டிமரேஜ் என்றால் சரக்கு ஏற்றி இறக்கப் பேசிய நேரத்தைத் தாண்டியதற்கான பணம். ஒரே சொல், இரண்டு வீட்டில் இரண்டு உறவு.

அகராதிகளில் எனக்குத் தினமும் உதவுவது, கற்பவர்களுக்கென்றே எழுதியவை. ஹார்ன்பி தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு 1948இல் வெளியிட்ட வரிசை ஒன்று, 1978இல் வந்த லாங்மன் இன்னொன்று. இரண்டும் இப்போது இணையத்தில் இலவசம். லாங்மனில் எல்லா விளக்கத்தையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதுவார்கள். அதனால் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் இன்னொரு சொல்லில் மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் நான் முதலில் பார்ப்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான். எந்தச் சொல் எதோடு கூட்டுச் சேரும் என்று அங்கேதான் தெரியும். இன்வாய்ஸை 'ரெய்ஸ்' செய்வார்கள், டெட்லைனை 'மீட்' செய்வார்கள், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்ல 'வேவ்' வரும். நாம் வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது என்பது போல இதற்கும் காரணம் கிடையாது. பழக்கம்தான்.

ரோஜே தெசாரஸும் வைத்திருக்கிறேன். ஃபோர்ட்டில் ஃப்ளோரா ஃபவுன்டன் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பிரதி. ரோஜே ஒரு மருத்துவர், முதல் பதிப்பு 1852. ஆயிரம் கருத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் சொற்கள். பொருள் விளக்கம் கிடையாது. நம் திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி பிரித்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குடும்பம். மிகப் பெரிய உழைப்பு. ஆனால் சொற்களை முன்பே தெரிந்தவருக்கு, மறந்ததை எடுத்துக் கொடுக்கும் புத்தகம் அது. முதல் இரண்டு வருடம் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு அது நான்காவது வருடத்தில்தான் பேச ஆரம்பித்தது.

தமிழ் மீடியத்தில் படித்ததை ஒரு குறையாகவே சுமந்துகொண்டிருந்தேன். அதை மாற்றியது இரண்டு சின்னச் சொற்கள், 'பை'யும் 'டில்'லும். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் "சென்ட் டில் ஃப்ரைடே" என்றுதான் எழுதுவார்கள். இந்தியில் 'சுக்ரவார் தக்' என்றால் வெள்ளிக்கிழமைக்குள் என்றும் வரும், வெள்ளிக்கிழமை வரை என்றும் வரும். மராத்தி 'பர்யந்த்'தும் அப்படித்தான். மும்பைக்கு வந்து நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆனால் தமிழில் 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்' என்பதும் 'வெள்ளிக்கிழமை வரை அனுப்புங்கள்' என்பதும் வேறு வேறு. முதலாவது ஒரு தடவை அனுப்பினால் முடிந்தது. இரண்டாவது அதுவரை அனுப்பிக்கொண்டே இருப்பது. க்குள் என்றால் பை, வரை என்றால் டில். அன்றிலிருந்து ஒரு தடவைகூட எனக்கு இது தப்பவில்லை. ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. பறிமுதல் மாதிரி தமிழ் காலைவாரும் இடங்கள் உண்டு. அவற்றை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வேலைக்கு வந்தேன். டாக்குமென்ட் எல்லாம் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம் அது. வங்கிக் கடன் உறுதிக் கடிதங்களுக்கான யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. மொத்தம் 39 பிரிவு. வணிக எழுத்துப் பழக இதைவிட நல்ல பாடம் நான் பார்க்கவில்லை. எல்.சி.யில் அளவுக்கு முன்னால் 'எபவுட்' என்று போட்டிருந்தால் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். எபவுட் ஆயிரம் பெட்டி என்றால் 900 முதல் 1,100 வரை செல்லும். 'ஆன் ஆர் எபவுட்' மார்ச் 15 என்றால் 10ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை, இரண்டு நாளும் சேர்த்து. 'ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்' என்று எழுதினால் வங்கி அதைக் கணக்கிலேயே எடுக்காது. எனக்கு ஆச்சரியம் தந்தது 'ஃப்ரம்'. சரக்கு ஏற்றும் காலத்தைச் சொல்லும்போது ஃப்ரம் என்றால் அந்தத் தேதியும் சேரும். அதே ஃப்ரம், பணம் செலுத்த வேண்டிய தேதியைக் கணக்கிட வந்தால் அந்த நாள் சேராது. ஒரே காகிதத்தில் ஒரே சொல் இரண்டு கணக்கு. ஒரு நாள் பிசகினாலும் டாக்குமென்ட் திரும்பி வரும்.

வேண்டியதைச் செய்யுங்கள் என்பதற்கு 'டூ த நீட்ஃபுல்', பதில் எழுதுங்கள் என்பதற்கு 'ரிவெர்ட்', இவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியாவுக்குள் இரண்டும் எல்லோருக்கும் புரியும், தப்பில்லை. வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் என்ன செய்ய வேண்டுமோ அதையே சொல்லிவிடுகிறேன். ரிவெர்ட்டுக்கு 'ரிப்ளை' போதும். பழைய நிலைக்குத் திரும்புவது என்றே அதைப் படிப்பவர்கள் அங்கே உண்டு.

போன வருடம் முதல் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றையும் பயன்படுத்துகிறேன். இலக்கணம், பணிவு இரண்டிலும் நல்ல துணை. ஆனால் நான் டிடென்ஷன் என்று எழுதியதை ஒருமுறை 'டிலே சார்ஜஸ்' என்று அழகாக்கிக் கொடுத்தது. வாக்கியம் நன்றாக இருந்தது, பொருள் போய்விட்டது. தொழில் சொற்களுக்கு அடிக்கோடு போட்டு வைத்துவிட்டு, திருத்தி வந்ததும் அவை அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

மாமா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது தாராவியிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் கேட்டு நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, லாஸ்ட் ரிமைண்டர், ஃபைனல் ரிமைண்டர், ரெண்டும் ஒண்ணுதானே?"

"தமிழ்ல சொல்லிப் பாரேன்."

கொஞ்சம் யோசித்தாள். "கடைசி... ரெண்டுக்குமே கடைசிதான்க்கா வருது."

"போன மெயில்ல சொன்னோமேன்னா, எதைப் போடுவ?"

"லாஸ்ட்."

"இனிமே நினைவூட்ட மாட்டோம், இதுதான் முடிவுன்னா?"

அவள் பதில் சொல்லவில்லை. மெயிலில் இருந்த சொல்லை அழித்து ஃபைனல் என்று மாற்றினாள். அப்புறம் என் நோட்டை இழுத்து, புதுப் பக்கத்தின் நடுவில் சிவப்பு மையில் 'கடைசி' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு பிரித்தாள்.