எம்பிளத்துக்கு உரித்தெடுக்கும் றப்பர் ஸ்பிறே: வன்னி வெயிலிலும் புழுதியிலும் பாவித்த அனுபவம்

வாகனத்தின் குரோம் எம்பிளத்தை, அதாவது கம்பனிச் சின்னத்தை, வீட்டிலேயே கறுப்பாக்க வேண்டும், பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கவும் வேண்டும் என்றால் உரித்தெடுக்கும் றப்பர் ஸ்பிறேயை விட லேசான வழி எனக்குத் தெரிய இல்லை. பல வருடமாகப் பாவித்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் அடித்த அன்று இருக்கும் அழகை வைத்து இதை மதிப்பிட முடியாது. கோடையும் மாரியும் மாறி மாறிக் கண்ட பிறகு, விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரே தோலாக வருகிறதா, பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது நீங்கள் அடித்த பூச்சின் தடிப்பு.

எங்கள் டொல்பின் வானின் முன் எம்பிளம், பின்கதவில் உள்ள எழுத்துகள், என்னுடைய பல்சர் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் இருக்கும் சின்னம், முல்லைத்தீவில் கடற்கரைப் பக்கம் இருக்கும் மச்சானின் கார். இவ்வளவுக்கும் அடித்திருக்கிறேன். வான் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் ஏ35 வீதியால் ஓடும். வீதி நல்லது, ஆனால் அதிலிருந்து உள்ளே இறங்கினால் கிரவல் பாதைதான். வெயில், செம்புழுதி, உப்புக்காற்று மூன்றும் இந்தப் பூச்சின்மேல் வேலை செய்திருக்கின்றன.

எம்பிளத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுவதும் இருக்கிற பழைய வாகனத்தைப் பொத்திப் பொத்தி வைத்துத்தான் ஓடினோம். பழைய வானில் முதலில் கண்ணில் படுவது மங்கிய எம்பிளம். இப்போதைய எம்பிளங்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், கடைசியில் மிக மெல்லிய குரோம் என்று அடுக்கி முலாம் பூசுகிறார்கள். அந்த முலாம் புள்ளி விழத் தொடங்கினால் பொலிஷ் போட்டு மீட்க முடியாது. பெயின்ற் அடிக்கலாம், ஆனால் வழுவழுப்பான குரோமில் பெயின்ற் சரியாகப் பிடிக்காது. பிடிக்க வேண்டுமென்றால் அரத்தாள் போட வேண்டும். அரத்தாள் போட்டால் குரோம் போய்விட்டது, பிறகு திரும்பி வர வழியில்லை. வானை என்றாவது விற்கிறபோது வாங்குகிற ஆள் குரோம்தான் வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வது? அதனால்தான் உரித்தெடுக்கிற பூச்சுக்குப் போனேன்.

இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பிளாஸ்டி டிப். அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வருவது. 1972 இல் வந்தபோது அது குறடு, திருகாணி முடுக்கி போன்றவற்றின் பிடியைத் தோய்த்து எடுக்கும் திரவம். வாகனத்துக்குப் பாவிக்கும் பழக்கம் பிறகு வந்தது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் ஒரு செயற்கை றப்பர்த் தோல் மிஞ்சும். அது பெயின்ற் மாதிரி மேற்பரப்போடு ஒட்டுண்டு போகாது, இறுகப் பற்றிக்கொண்டு மட்டும் இருக்கும். கிட்டத்தட்ட 93 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்கிறார்கள், ஆகவே எங்கள் வெயிலுக்கு அது உருகாது. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி ஒரு ரின் எடுப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தீப்பற்றும் ஸ்பிறே ரின்களை விமானப் பொதியில் விடமாட்டார்கள். கொழும்பில் எடுப்பிப்பதுதான் வழி. பெயர் தெரியாத மலிவு ரின் ஒன்றையும் ஒருமுறை வாங்கி அடித்தேன். அன்று நல்ல கறுப்பு. ஆனால் அந்தத் தோலுக்கு இழுவை இல்லை, உரிக்கும்போது நறுக்கு நறுக்கென்று அறுந்தது.

இனி அடிக்கும் முறை. எங்கள் பக்கம் நேரத்தைப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் பகல் ஏற ஏறப் புழுதி எழும்பும். பனி காய்ந்த காலை நேரமே நல்லது. முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்திவிட்டு, தகரக் கொட்டிலின் நிழலில் வானை நிறுத்துவேன். மரத்தின் கீழ் நிறுத்த வேண்டாம், எறும்பும் பூவும் ஈரப்பூச்சில் விழும். குசினியில் விறகடுப்பு எரிகிற பக்கமும் வேண்டாம், இதில் வருகிற ஆவி தீப்பிடிக்கும். மூக்குக்குக் கரைப்பானைத் தடுக்கும் மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது.

முதலில் எம்பிளத்தைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிறஷ் போட்டுக் கழுவ வேண்டும். எழுத்துகளின் இடுக்கில் இருக்கிற பழைய மெழுகுப் பொலிஷ்தான் பெரிய எதிரி. காய்ந்த பிறகு பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். எம்பிளத்தில் மெழுகு இருக்கக் கூடாது. சுற்றியுள்ள வாகனப் பொடியில் (உடற்பகுதியில்) இருந்தால் நல்லது, அங்கே படுகிறது லேசாக உரியும்.

மாஸ்கிங் ரேப்பை எம்பிளத்தின் ஓரத்தோடு ஒட்டி வெட்ட வேண்டிய தேவையே இல்லை. ஒரு அங்குலம் விட்டுச் சுற்றி ஒட்டி, மிச்சத்தைப் பத்திரிகைத் தாளால் மூடினால் போதும். ரின்னை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்கி, நிமிர்த்திப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் வைத்து, எம்பிளத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிறபடி கையை ஓட்டுங்கள். முதல் பூச்சு குரோம் தெரிகிற அளவுக்கு மெல்லிய தூவல்தான். அது பற்றிக்கொள்ள. அடுத்தவை ஈரம் மினுங்குகிற அளவுக்கு, ஆனால் வழியாமல். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணித்தியாலம் விடுங்கள். மூன்றாவது பூச்சோடு கறுப்பு முழுதாக மூடிவிடும், கை தானாக நின்றுவிடப் பார்க்கும். நிற்க வேண்டாம். ஐந்து, ஆறு என்று போங்கள். எழுத்தின் கூர்மை கொஞ்சம் மழுங்கும்தான், ஆனால் அந்தக் கூடுதல் பூச்சுகள்தான் பின்னொரு நாள் உங்களைக் காப்பாற்றும்.

கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே ரேப்பைக் கழற்றிவிட வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் ரேப்போடு சேர்ந்து தோலும் வரும். பிறகு நாலு மணித்தியாலம் தொடாமல் விட்டு, வெளி ஓரத்திலிருந்து எம்பிளத்தை நோக்கி மெதுவாக உரித்தால், எம்பிளத்தின் விளிம்பில் தோல் தானாக அறுந்து நிற்கும். அறுகிற இடத்தில் பிடிவாதம் பிடித்தால் பிளேட் வேண்டாம், பொடியில் கோடு விழும். எழுத்துகளுக்கு நடுவே நிற்கும் துண்டுகளைப் பனை ஈர்க்கின் நுனியால் கிளப்பி எடுப்பேன். ஈர்க்கு கீறாது, வளைந்தும் கொடுக்கும்.

வெயிலில் கொதித்த எம்பிளத்தில் அடித்தால், ஸ்பிறே போய்ப் படமுன்னே கரைப்பான் பறந்து, மேற்பரப்பு மணல் தூவினது போல் சொரசொரப்பாகிவிடும். மாரியில் அடித்தால் ஈரக்காற்றில் பூச்சு பால் நிறமாகப் பூக்கும். மாசி, பங்குனி எனக்குப் பிடித்த மாதங்கள், காலபோக அறுவடைத் தூசு அடங்கிய இடமாகப் பார்த்துக்கொண்டால்.

நாள் போகப் போக என்ன ஆனது? வானின் முன் எம்பிளத்தில் முதல் வருடம் எந்தக் குறையும் இல்லை. பிறகு கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பல் சாயலுக்குப் போனது. கல் பட்ட இடங்களில் பெயின்ற் என்றால் தெறித்திருக்கும், றப்பர் உள்வாங்கிக்கொண்டது. இரவில் குளத்துப் பக்கம் ஓடினால் பூச்சி அடிக்கும். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் துடைத்தால் போகும். மெழுகுப் பொலிஷ் மட்டும் போடக் கூடாது, மங்கல் கறுப்பில் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீர்த் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் விளிம்பு கிளம்பும். அதனால் இறங்கி நின்று, "தம்பி, எம்பிளத்துக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

பல்சரில் இது சரிவரவில்லை. பெற்றோல் இந்தப் பூச்சைக் கரைக்கும். தாங்கி மூடியிலிருந்து வழிகிற துளிகள் பட்டுச் சின்னத்தின் மேல் விளிம்பு பிசுபிசுத்துச் சுருங்கியது. மோட்டார் சைக்கிள் தாங்கிக்கும், காரின் பெற்றோல் மூடிப் பக்கத்துக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மச்சானின் கார் நல்ல பாடம். அதன் பின் எம்பிளத்தில் குரோம் ஏற்கனவே செதில் விடத் தொடங்கியிருந்தது. பூச்சு அதை அழகாக மூடியது. உரித்தபோது செதில்களும் தோலோடு சேர்ந்து வந்தன. "மூடிப்போட்டு விட்டால் உப்பு உள்ளே போகாதுதானே அத்தான்?" என்று கேட்டார். நல்ல குரோமுக்கு அது சரி. கெட்டுப்போன குரோமை இது குணப்படுத்தாது.

உரிப்பதில்தான் தடிப்பின் பெறுமதி தெரியும். ஆறு பூச்சுப் போட்ட வானின் முன் எம்பிளத்தில் விளிம்பைக் கிளப்பி இழுத்தேன், கையுறையைக் கழற்றுவது போல முழுதாக வந்தது. கீழே குரோம் அடித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே. பின்கதவு எழுத்துகள் மெல்லியவை, வடிவம் கெடக் கூடாது என்று பூச்சைக் குறைத்திருந்தேன். அங்கே தோல் துணுக்குத் துணுக்காக வந்தது. இதற்கு ஒரு வழி உண்டு: பழைய மெல்லிய தோலின் மேலேயே புதிதாக நாலைந்து ஈரப் பூச்சு அடியுங்கள். புதியதில் உள்ள கரைப்பான் பழையதை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு சேர்த்து உரிக்கலாம். இடுக்கில் மிஞ்சுவதை டபிள்யூ டி 40 என்ற எண்ணெய் ஸ்பிறேயில் தோய்த்த துணியால் தேய்த்தால் உருண்டு வரும். பிறகு உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். சாம்பல் சாயல் விழுந்ததுமே உரிப்பது நல்லது. "இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்று விட்டால் வெயில் தோலை உலர்த்தி இழுவையைத் தின்றுவிடும்.

புதிய கார், ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மாதிரிகளில் முன் எம்பிளத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. முன்னால் வருவதை அறிந்து பிறேக் பிடிக்க உதவுவது அது. அப்படியான எம்பிளம் பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாமல் கண்ணாடி போல் தட்டையாக இருக்கும். அதன்மேல் எதையும் பூச வேண்டாம், பின் எம்பிளத்தோடு நின்றுகொள்ளுங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த பொடியிலும் சில கிழமை பொறுங்கள். பெயின்ற் முற்றாக இறுக முன் இந்தக் கரைப்பான் பட்டால் அதைக் கெடுத்துவிடும்.

ஒரு ரின்னில் இரண்டு மூன்று எம்பிளம் அடித்தாலும் மிச்சம் இருக்கும். முடிந்ததும் ரின்னைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும் வரை அமத்திவிட்டு, வாயைத் துடைத்து வையுங்கள், அடுத்த முறை அடைக்காது. வானுக்குள் போட்டு வைக்க வேண்டாம். மூடிய வாகனத்துக்குள் எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் 50 பாகை தாண்டும், ஸ்பிறே ரின்னுக்கு அதுதான் எல்லை. நான் வீட்டுக்குள் நிழலான அலுமாரியின் அடித்தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைத்திருக்கிறேன்.